கேட்ட கேள்விக்கு மட்டும்

ஆயுதக் கமிட்டிக்கு அனுப்பிய படிவம் திரும்பி வந்திருந்தது. மேலே சிவப்பு மையில் 'கேட்ட கேள்விக்கு மட்டும் பதிலளிக்கவும்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் சுகிர்தா அதை மேஜைமேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். மொத்தம் ஆறு கேள்விகள். அதிகாரிகளின் கைத்துப்பாக்கிக்கு ஒன்பது எம்.எம். குண்டு போதுமானதா? பழைய முப்பத்தெட்டு ரிவால்வரே தேவலையா? இன்னும் பெரிய குண்டு வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை என்று சின்னச் சின்னக் கட்டங்கள். போன வாரம் அவள் எந்தக் கட்டத்தையும் தொடாமல் கீழே ஒரே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தாள்: 'எந்தக் குண்டாக இருந்தாலும் சரி, சுட்டுப் பழக வருடத்துக்கு எத்தனை கொடுப்பீர்கள்?' அதற்குத்தான் இந்தச் சிவப்பு மை.

வெளியே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குள் திரும்பும் டிரெய்லர்கள் ஒவ்வொன்றும் ஸ்டேஷன் ஜன்னலை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டுப் போயின. பெரிய குண்டு, சின்ன குண்டு. மூன்று வாரமாக சப்-டிவிஷன் முழுக்க இதே பேச்சு. டீக்கடையில்கூட டிராபிக் ஏட்டுகள் ரிவால்வர் பெரிதா பிஸ்டல் பெரிதா என்று கிரிக்கெட் டீம் பிரித்த மாதிரி இரண்டு கட்சியாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சை ஆரம்பித்து வைத்தது அவளுடைய துப்பாக்கிதான். அதனால் அவள் எங்கே போனாலும் பேச்சு ஒரு நொடி நின்று, அவள் கடந்ததும் மறுபடி தொடங்கியது.

நடந்தது இதுதான். பகல் பதினொன்றரை மணிக்கு, சிப்காட்டின் பின்பக்கச் சாலையில் ஒரு பழைய இரும்புக் குடோனில், ஒருவன் கூட்டாளியை வெட்டிவிட்டுக் கத்தியோடு நிற்கிறான் என்று போன் வந்தது. சுகிர்தாவும் ஏட்டு பாக்கியராஜும் ஜீப்பில் போனார்கள். இரும்புக் குவியல்களுக்கு நடுவே ஒற்றையடி வழி. அவன் கடைசிக் குவியலின் பின்னாலிருந்து வெளியே வந்தபோது இருவருக்கும் அவனுக்கும் இடையே பதினைந்தடிகூட இல்லை. சுகிர்தா பிஸ்டலை உருவினாள். கத்தியைக் கீழே போடச் சொல்லிக் கத்தினாள். அவன் போடவில்லை, வந்தான். அவள் விசையை அழுத்தினாள். விசை தொளதொளவென்று பின்னால் போனது, அவ்வளவுதான். மறுபடி அழுத்தினாள். மறுபடியும் ஒன்றுமில்லை. அதற்குள் பாக்கியராஜ் இடது பக்கமிருந்து லத்தியோடு குறுக்கே பாய்ந்திருந்தார். வெட்டு அவருடைய வலது கையில் விழுந்தது. சத்தம் கேட்டு ஓடிவந்த லோடுமேன்கள் நாலு பேர் இரும்புக் கம்பியோடு சூழ்ந்த பிறகுதான் அவன் கத்தியைப் போட்டான்.

ஒன்பது எம்.எம். பிஸ்டலில் முதல் குண்டு தானாக உள்ளே ஏறி உட்காராது. மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து விட வேண்டும். ஸ்டேஷன் பேச்சில் அதற்குக் காக் பண்ணுவது என்று பெயர். சுகிர்தா காக் பண்ணவில்லை. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது அவளுக்கு உறைத்தது. பயிற்சியில் கடைசியாகச் சுட்டது எட்டு வருடத்துக்கு முன்னால். அதற்கப்புறம் சுடும் நாள் வந்தபோதெல்லாம் ஏதாவது பந்தோபஸ்து வந்தது, கோர்ட்டு வந்தது, தேர்தல் வந்தது. பதிவேட்டில் மட்டும் அவள் வருடாவருடம் தவறாமல் சுட்டிருந்தாள்.

படிவம் திரும்பி வந்த அன்று டி.எஸ்.பி. அன்புராஜ் கூப்பிட்டனுப்பினார். போனபோது அறிக்கை தயாராக டைப் அடித்து இருந்தது. 'ஆயுதம் இயங்கவில்லை. ரகம் பழமையானது. குண்டின் திறன் மறுபரிசீலனைக்குரியது.' கீழே அவள் கையெழுத்துக்கு இடம்.

"ஏட்டே ஸ்டேட்மென்ட் குடுத்துட்டாரும்மா, துப்பாக்கி சுடலைன்னு. நீ கையெழுத்து போட்டா கமிட்டிக்கு அனுப்பிடலாம். புது கேலிபர் குண்டு, புது பிஸ்டல் எல்லாம் வரும். ஒனக்கும் மெமோ கிடையாது."

"ஆயுதக் கிடங்கு ஆர்மரர் தேசப்பன் சார் அதே பிஸ்டல்ல ரெண்டு ரவுண்டு சுட்டுப் பாத்தாரு சார். ரெண்டும் சுட்டுச்சு."

"அவரு சுட்டது ரேஞ்சுல. நீ இருந்தது குடோன்ல."

அவர் கெட்டவர் இல்லை. தன் ஆளைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார். ஒரு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

பாக்கியராஜின் வீடு அத்திப்பட்டில். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முழங்கைவரை கட்டு. அவர் மனைவி ரோசம்மாள் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். சுகிர்தாவைப் பார்த்து எழுந்திருக்கப் போனவரை ரோசம்மாள் தோளில் கைவைத்து உட்கார வைத்தாள்.

"ஏட்டையா, துப்பாக்கி ரிப்பேர்னு ஏன் சொன்னீங்க?"

"ரிப்பேர்னு எங்க சொன்னேன் மேடம்? சுடலன்னேன். மீதிய அவுங்களே எழுதிக்கினாங்க."

"நான் காக் பண்ணல. ஒங்களுக்குத் தெரியுமா?"

பாக்கியராஜ் தன் கட்டைப் பார்த்தார். "முப்பது வருசம் சர்வீசு மேடம். பக்கத்துல நின்னுக்கினு இருந்தவனுக்குத் தெரியாதா? ரிவால்வரா இருந்தா அமுக்குனா சுட்டிருக்கும். வுடுங்க. இத்த போயி பெருசு பண்ணிக்கினு."

"இன்னாத்த வுடறது?" ரோசம்மாள் கடைசிப் பொத்தானை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "ரெண்டு வெரலு மடங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. நான் சோறு ஊட்டிக்கினு இருக்கேன். சுடத் தெரியலன்னா அத எதுக்கும்மா இடுப்புல மாட்டிக்கினு திரியறீங்க? அவரு வெறும் கழியோட போயிக்கினு இருந்தாரு, நல்லாதான் இருந்தாரு. பக்கத்துல துப்பாக்கி இருக்குதுன்னு தெகிரியத்துலதான் குறுக்க பூந்தாரு."

"ரோசா, கம்முனு இரு."

"நான் கம்முனுதான் இருந்தேன் மூணு வாரமா."

சுகிர்தா எழுந்து வந்தாள். வண்டியை உதைத்துக் கிளப்பினாள். கோபம் யார்மேல் என்றுகூட அவளால் பிரிக்க முடியவில்லை. ரோசம்மாள்மேல் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

மறுநாள் அறிக்கையைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள். ஆயுதத்தில் பழுது இல்லை. நான் காக் செய்யவில்லை. எட்டு வருடமாகச் சுட்டதில்லை. பதிவேட்டில் இருக்கும் என் கையெழுத்துகள் சுடாமல் போட்டவை. டி.எஸ்.பி. அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கடைசி வரிய எடுத்துடும்மா. அது ஒன்னோட மட்டும் நிக்காது."

"எடுக்க மாட்டேன் சார்."

மூன்றாம் நாள் மெமோ வந்தது, கவனக்குறைவு என்று. கூடவே ஒரு உத்தரவு: சப்-டிவிஷன் அதிகாரிகள் அனைவருக்கும் துப்பாக்கிப் புத்தாக்கப் பயிற்சி, ஆளுக்குப் பத்து குண்டு. பத்து என்ற எண்ணைப் பார்த்ததும் சுகிர்தாவுக்கு மெமோகூட மறந்துவிட்டது. ராத்திரி வீட்டில் காலித் துப்பாக்கியை வைத்து நூறு முறை இழுத்து இழுத்து விட்டாள். கட்டைவிரல் கன்றிப் போனது.

பயிற்சி நாளில் காலை ஏழு மணிக்கே நாற்பது பேர் துப்பாக்கி சுடும் ரேஞ்சில் கூடிவிட்டார்கள். ஷாமியானா போட்டு, நாற்காலி போட்டு, ஜெனரேட்டர் வைத்து ஒரு திரையும் கட்டியிருந்தார்கள். மேலிடத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் குண்டுகளின் வகைகள் பற்றிப் பேச ஆரம்பித்தார். எந்தக் குண்டு எத்தனை கிராம், எது உடம்பில் எத்தனை அங்குலம் போகும், எந்த நாட்டில் எதை வைத்திருக்கிறார்கள். நன்றாகத்தான் பேசினார். ஒன்பது மணிக்கு முடிய வேண்டியது பத்தரையானது. பின்வரிசையில் பாதிப் பேர் தூங்கிவிட்டிருந்தார்கள். காலை நாஷ்டா முடிந்தது. வெயில் ஏறிவிட்டதால் ஆளுக்கு ஐந்து குண்டு போதும் என்று அறிவித்தார்கள்.

"பத்துன்னு ஆர்டர்ல இருக்கே சார்?" என்று சுகிர்தா போய்க் கேட்டாள்.

ஆர்மரர் தேசப்பன் பெட்டியிலிருந்து தலையைத் தூக்கினார். "மேடம், எனக்கு வந்ததே எரநூறுதான். நாப்பது பேரு. நீங்களே வகுத்துப் பாருங்க."

இரண்டு இரண்டு பேராக நிறுத்தினார்கள். கடைசி ஜோடியில்தான் அவள் முறை வந்தது; அவளுக்கு இடது பக்கம் இன்னொரு ஸ்டேஷன் எஸ்.ஐ. ஜெகன். எதிரே பதினைந்து கெஜத்தில் இரண்டு புது அட்டை மனிதர்கள், ஒன்றுக்கொன்று கைநீட்டினால் தொடும் தூரம். விசில் ஊதியதும் சுகிர்தா காக் பண்ணினாள். இந்த முறை மறக்கவில்லை. முதல் குண்டின் உதைப்பில் கை மேலே போனது. இரண்டாவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டோமோ என்று சந்தேகம் வந்தது. மூன்று, நான்கு, ஐந்து. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. பழக்கம் என்று உள்ளே ஏதோ உட்காரத் தொடங்குமுன் பிஸ்டல் காலியாகிவிட்டது. இன்னும் ஐந்து கிடைத்தால் போதும் என்று பட்டது.

தேசப்பன் பதிவேட்டோடு அட்டைகளிடம் நடந்தார். அவள் அட்டையில் ஒரே ஒரு ஓட்டை, தோள் ஓரத்தில். அதை எழுதிக்கொண்டு ஜெகனின் அட்டைக்குப் போனவர் எண்ணினார். திரும்ப எண்ணினார்.

"இன்னா சார் இது? அஞ்சு குண்டு குடுத்தேன், ஏழு ஓட்டை போட்டுக்கினு கீறீங்க?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஜெகனும் சிரித்தான். சுகிர்தா தன் அட்டையைப் பார்த்தாள். ஜெகனின் அட்டை அதற்கு இடது பக்கம் ஒரு கை தூரம். அன்று பாக்கியராஜ் பாய்ந்ததும் இடது பக்கமிருந்துதான். பதினைந்து கெஜமாவது இங்கே இருக்கிறது. குடோனில் அதில் பாதிகூட இல்லை. ஆனால் இங்கே அட்டைகள் ஓடிவரவில்லை. அன்று காக் பண்ணியிருந்தால்? ரிவால்வராகவே இருந்திருந்தால்? விசையை இரண்டு தடவை அழுத்தினாள். அந்த இரண்டும் வெடித்திருந்தால்?

"ஏழுன்னு எழுத முடியாது மேடம். அஞ்சுன்னு போட்டுக்கறேன் அவருக்கு. ஒங்களுக்கு ஒண்ணு," என்றார் தேசப்பன்.

"சார், எனக்கு இன்னும் அஞ்சு ரவுண்டு வேணும். இப்பவே."

"பேஜாரு பண்ணாதீங்க மேடம். கேஸ் ஒண்ணு கொறையுது. எரநூறு குண்டு குடுத்தா எரநூறு காலித் தோட்டாவும் நான் திருப்பிக் கட்டணும். அது கெடைக்காம யாரும் இங்கேர்ந்து நகர முடியாது."

விசில் நீளமாக ஊதினார்கள். நாற்பது பேரும் தொப்பியைக் கழற்றிவிட்டு, புல்லில் முட்டி போட்டு, சுண்டுவிரல் நுனி அளவு பித்தளைத் துண்டு ஒன்றைத் தேடத் தொடங்கினார்கள். குண்டு வகைகள் பற்றிப் பேசிய அதிகாரிகூட ஷாமியானாவிலிருந்து இறங்கிவந்து குனிந்தார். அதுவரை தூங்கியவர்கள் எல்லோரும் விழித்துக்கொண்டு மும்முரமாகத் தேடினார்கள்.

பாக்கியராஜ் மட்டும் தேடவில்லை. கட்டோடு லைட் டூட்டி என்று தண்ணீர்க் கேன் பக்கம் உட்கார வைத்திருந்தார்கள் அவரை. எழுந்து மெதுவாக அட்டைகளிடம் நடந்து போனார். சுகிர்தா அவர் பின்னாலேயே போனாள். ஜெகனின் அட்டை முன்னால் அவர் நின்றார். நெஞ்சில் ஐந்து ஓட்டைகள் நெருக்கமாக இருந்தன. அவற்றோடு சேராமல் கழுத்துக்குக் கீழே ஒன்று, விலாவில் ஒன்று.

"இந்த ரெண்டும் யாரோடது மேடம்?"

"என்னோடது, அண்ணே."

இத்தனை வருடத்தில் அவள் அவரை அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நல்ல கையைத் தூக்கி, விலாவிலிருந்த ஓட்டையில் சுண்டுவிரலை வைத்தார். அது சரியாக உள்ளே போனது. பின்னால் யாரோ "கெடச்சிருச்சு, கெடச்சிருச்சு" என்று கத்த, எல்லோரும் கை தட்டினார்கள். பாக்கியராஜ் திரும்பிப் பார்க்கவில்லை. அட்டையின் மறுபக்கம் வெளியே தெரிந்த அவருடைய விரல் நுனி மெல்ல அசைந்துகொண்டிருந்தது.