ஒளிரக் கூடாத சாயம்

பிரேமலா, பாலோ என்ற ஊரின் பள்ளியில் பதினாறு வருடம் வேதியியல் ஆசிரியையாக இருந்தவர். நாற்பத்திரண்டாவது வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, ஸ்கூடாயில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். இரும்பணு பொதிந்த ஊதாச் சாயம் ஒன்றைத் தயாரிப்பது அவர் ஆய்வு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் அந்தச் சாயத்துக்குள் போனால், அதில் துளியளவு பச்சை ஒளியாக மாறி வெளியே வரும். பச்சை கூடக் கூடச் சாயத்துக்கு மதிப்பு.

அதை அளந்து சொல்பவர் இயற்பியல் துறையின் தயானந்தன். மூவார் ஊர்க்காரர், ஒப்பந்தத்தில் இருக்கும் விரிவுரையாளர். பிரேமலாவைவிட எட்டு வயது இளையவர். "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். சாயத்தை முதலில் அளந்த அன்று, இரண்டு மாடி இறங்கி ஓடிவந்து எண்ணைச் சொன்னார். இருவரும் எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிய எண். கட்டுரை எழுதினார்கள், ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. அச்சுப்படியைத் திருத்தி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும்.

செவ்வாய் மதியம் பிரேமலா அதே சாயத்தைப் புதிதாகத் தயாரித்துச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊதாப் பட்டை மெல்ல இறங்கியது. அதற்குச் சற்றுக் கீழே மங்கலாக ஏதோ மஞ்சள் தெரிந்தது. யூவி விளக்கை அருகில் பிடித்தார். மஞ்சள் இருந்த இடம் ஆரஞ்சாக மின்னியது.

இரும்பு சேர்ந்த சாயம் ஒளிராது. இரும்பு அந்த ஒளியை விழுங்கிவிடும். மின்னுவது இரும்பு ஏறாமல் மிஞ்சிய சாயம். கட்டுரைக்காக அளந்த பழைய தூளில் ஒரு சிட்டிகை எடுத்துக் கரைத்து விளக்கின் கீழ் வைத்தார். அதுவும் மின்னியது.

புட்டியோடு மாடியேறி தயானந்தனிடம் காட்டினார்.

"கொஞ்சம்தானே டீச்சர்? நூத்துல ஒரு பங்குகூட இருக்காது."

"அந்த ஒரு பங்கு போதும் சார். இதோட வெளிச்சம் பச்சை வரைக்கும் பரவும். உங்க எண்ணுல அதுவும் கலந்து வந்திருக்கும்."

"இதழுக்காகக் கட்டுரையப் பரிசீலிச்சவங்க ரெண்டு பேரும் ஒண்ணும் கேக்கலயே."

"அவங்க புட்டியப் பாக்கல. நாம பாத்துட்டோம்."

தயானந்தன் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அவருக்கு நிரந்தர வேலைக்கான நேர்காணல் அடுத்த மாதம். விண்ணப்பத்தில் இந்தக் கட்டுரைதான் முதலில் நின்றது. பிரேமலாவுக்கும் அது தெரியும்.

"அலமாக்," என்று தலையில் கைவைத்தார் கடைசியில். "நான் பச்சைய மட்டும் அளந்தேன். பக்கத்து நிறத்தையும் பாத்திருக்கணும். என் தப்பு லா."

"சுத்தமில்லாதத குடுத்தது நான்."

புதன்கிழமை முழுக்கப் பிரேமலா சாயத்தை மூன்று முறை குழாயில் இறக்கினார். மூன்றாம் முறை விளக்கின் கீழ் அது இருட்டாகவே கிடந்தது. வியாழன் காலை இருவரும் சேர்ந்து அளந்தார்கள். பழைய தூள் பச்சையோடு மஞ்சளும் ஆரஞ்சும் காட்டியது. புதியதில் பச்சை மட்டும், ஊசிபோல ஒற்றைக் கோடாக எழுந்தது. ஆனால் எண் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிட்டது.

தயானந்தன் திரையை வெகுநேரம் பார்த்தார். "இவ்ளோ சுத்தமான கோட நான் பாத்ததில்ல டீச்சர்," என்றார். பிறகு, "தே ஓ குடிச்சிட்டு எழுதலாம், வாங்க."

கேண்டீனில் பாலில்லாத தேநீரோடு உட்கார்ந்து ஆய்விதழின் ஆசிரியர் குழுவுக்குக் கடிதம் எழுதினார்கள். 'என் கவனக்குறைவு' என்று பிரேமலா எழுதியதைத் தயானந்தன் 'எங்கள்' என்று மாற்றினார்.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தயானந்தனுக்கு அந்த வருடம் நிரந்தர வேலை கிடைக்கவில்லை. ஒப்பந்தத்தை மட்டும் நீட்டித்தார்கள். பிரேமலா பல நாள் அவர் முகத்தை நேராகப் பார்க்கச் சங்கடப்பட்டார். அவரோ வழக்கம்போல் புட்டிகளை வாங்கி அளந்து கொடுத்தார்.

ஏழு மாதம் கழித்து, சிறிய எண்ணோடு, சிறிய இதழ் ஒன்றில் கட்டுரை வெளிவந்தது. அடுத்த வாரமே ஜப்பானிலிருந்து ஓர் ஆய்வாளர் மின்னஞ்சல் அனுப்பினார். தங்களுக்கும் இதுபோன்ற சாயத்தில் நம்ப முடியாத எண் வந்து குழம்புவதாகவும், எப்படிச் சுத்தம் செய்தீர்கள் என்றும் கேட்டிருந்தார். பிரேமலா மதியச் சாப்பாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொரு படியாக இரண்டு பக்கம் பதில் எழுதினார்.