வெளியிடும் பொத்தான்

தெசான்காவின் புதிய வலைப்பூவை ஏழு பேர்தான் பார்த்திருந்தார்கள். பக்கத்தின் அடியில் இருந்த, பார்வையாளர்களை எண்ணும் கருவி அப்படித்தான் காட்டியது. ஆனால் ரொட்டிக் கடைக்காரி அதிலிருந்து ஒரு வாக்கியத்தை அப்படியே சொல்லிச் சிரித்தாள். தேவாலயப் பாடகர் குழுவினர் தெசான்கா உள்ளே வந்ததும் பேச்சை மாற்றினார்கள். சொம்போர் சின்ன ஊர்தான். ஆனாலும் ஏழு வாய்களால் இரண்டு நாளில் இத்தனை தூரம் பரவுமா?

தெசான்காவுக்கு நகரக் குடிநீர்த் துறையில் கசிவு கண்டுபிடிக்கும் வேலை. மீட்டர் ஓடாமல் தெருவில் தண்ணீர் ஓடினால், மீட்டருக்கு முன்னாலேயே ஒரு கிளைக்குழாய் இருக்கிறது என்று பொருள். வலைப்பூவிலும் அவள் அப்படியொரு கிளையைத் தேடினாள். அமைப்புகள் பக்கத்தில் அது கிடைத்தது. அவள் எழுதும் ஒவ்வொன்றையும் அந்தத் தளம் முழுதாக மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டிருந்தது. மின்னஞ்சலிலேயே படித்துவிட்டவர்கள் பக்கத்தைத் திறக்க வேண்டியதில்லை. அந்தக் கருவியோ பக்கத்தைத் திறப்பவர்களை மட்டுமே எண்ணும்.

முகவரிகள் எப்படிப் போயின? சேரும்போது, கைபேசியில் உள்ள எல்லாரையும் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு அவளே சம்மதம் கொடுத்திருந்தாள். அந்த எல்லாரில் ஸ்தமேனியாவும் இருந்தாள்.

ஸ்தமேனியா அவளுடைய கூமா. அதாவது, கல்யாணத்தில் சாட்சியாக நின்றவள், மகனுக்கு ஞானத்தாய். இங்கே கூடப்பிறந்தவளோடு சண்டை போடலாம், கூமாவோடு கூடாது.

தெசான்கா வலைப்பூவில் எழுதியது இதுதான். புனித லூக்கா நாளில் கூமா வீட்டுக் குலப்புனிதர் விருந்து. வருகிறவர்களுக்கு முதலில் கொடுக்கும் கோதுமைப் பிரசாதத்தை வீட்டுக்காரியே வேகவைத்து, வாதுமைக்கொட்டை சேர்த்து அரைக்க வேண்டும். கூமா அதைக் கடையில் வாங்கி, பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து குடும்பக் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு, தானே அரைத்ததாக வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். தெசான்கா குப்பைக்கூடையில் டப்பாவைப் பார்த்துவிட்டாள். அங்கே வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து நகைச்சுவையாக எழுதினாள்.

அந்தப் பதிவை உடனே அழித்தாள். அழித்து என்ன பயன்? போன மின்னஞ்சல் போனதுதான். அவளை இன்னும் கூசவைத்தது வேறொன்று. எந்தத் தளம் உங்கள் குணத்துக்குப் பொருந்தும் என்று ஒரு கேள்விப் பட்டியலை நிரப்பித்தான் அவள் இதைத் தேர்ந்தெடுத்தாள். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்வீர்களா? ஆம். தெரிந்தவர்களோடு பகிரப் பிடிக்குமா? ஆம். அப்படி இருக்க ஆசைப்பட்ட ஒருத்திக்காகப் பதில் எழுதியிருந்தாள். தளமும் அந்த ஒருத்திக்குப் பொருத்தமாகத்தான் கிடைத்தது.

அடுத்த வாரம் தேவதூதர் நாள். அன்று தெசான்கா வீட்டுக் குலப்புனிதர் விருந்து. இந்த விருந்துக்கு யாரையும் அழைப்பதில்லை. உரியவர்கள் தாமாக வருவார்கள். அழைத்தால் அதுவே அவமரியாதை. ஆகவே "வருவாயா" என்று கூமாவிடம் கேட்கவும் வழியில்லை. அன்று கூமாவின் நாற்காலி காலியாக இருந்தால் ஊர் முழுக்க அதைப் பார்க்கும்.

அவள் கூமா வீட்டுக்குப் போனாள். ஸ்தமேனியா கதவைத் திறந்தாள், காபி போட்டாள். காபிக் கெண்டியை இரண்டு கையாலும் பிடித்து ஊற்றினாள். அப்படியும் தட்டில் சிந்தியது.

"நல்லா எழுதியிருக்க, கூமா," என்றாள். "டப்பா மூடியில இருந்த வெலகூட விடல."

ஸ்தமேனியா தட்டில் சிந்திய காபியைத் துடைத்தாள்.

"இந்தக் கைய வச்சுகிட்டு அரவை மிஷின் பிடியச் சுத்த முடியல. கோடையிலயே ஆரம்பிச்சிருச்சு. இவருகிட்டகூட இன்னும் சொல்லல. பொய் சொன்னேன்தான். ஆனா நீ அடுப்படிக்கு வந்து என்னடி இதுன்னு கேட்டிருந்தா, உங்கிட்ட சொல்லியிருப்பேன்."

"எனக்குக் கேக்க வராதே," என்றாள் தெசான்கா. "இனிமே எழுதவே மாட்டேன்."

"அடேங்கப்பா. நாலு பேர் நடுவுல உப்பக் கொடுன்னு கேக்க மாட்ட. எழுதவும் மாட்டேன்னா வெடிச்சிர மாட்டியா? எழுது. ஆனா என்னப் பத்தின்னா ஊருக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

விருந்தைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அன்று மாலை தெசான்கா அதே கேள்விகளுக்கு மறுபடி பதில் எழுதினாள், இம்முறை உள்ளது உள்ளபடி. முகத்துக்கு நேரே? இல்லை. தெரிந்தவர்களோடு? பயம். அந்தப் பதில்களுக்கு ஏற்ற தளத்தைத் தேடி, ஒவ்வொன்றின் உதவிப் பக்கத்தையும் கடைசி வரி வரை படித்தாள்.

தேவதூதர் நாளன்று கூமா எல்லாருக்கும் முன்னால் வந்துவிட்டாள். பிரசாதத்தில் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "நெசமாவே நீ அரச்சதா?" என்றாள். பிறகு தன் கைபேசியை நீட்டினாள். "ஏதோ அனுமதி அனுப்பியிருக்கியே. எதை அமுக்கணும்?"

தெசான்கா காது சிவக்க, நின்றபடியே விளக்கினாள். புதிய தளம் யாருக்கும் மின்னஞ்சல் அனுப்பாது. தேடி வருகிறவர்கள் படிக்கலாம். அதில் எழுதுபவர், பதிப்பாசிரியர் என்று இரண்டு அதிகாரங்கள் உண்டு. எழுதுபவரால் எழுதிச் சேமிக்க மட்டுமே முடியும். வெளியிடும் பொத்தான் பதிப்பாசிரியரின் திரையில்தான் தெரியும். தெசான்கா தன்னை எழுதுபவராகவும் ஸ்தமேனியாவைப் பதிப்பாசிரியராகவும் பதிந்திருந்தாள். இனி கூமா படித்து அமுக்கினால்தான் எதுவும் வெளியே போகும்.