லோரீனின் அண்ணன்

கல்யாணமாகாத பெண் ஆண்களோடு ஊர் ஊராகப் பாடப் போனால் அமெரிக்காவில் எங்கள் டென்னஸி மாநிலத்தில் ஊர்வாய் சும்மா இருக்காது. அதனால் லோரீன் எங்கள் குழுவில் சேர்ந்த அன்றே, வானொலி அறிவிப்பாளர் ஹார்லன் எங்கள் கிளீட்டஸை அவளுக்கு அண்ணனாக்கிவிட்டார். கிளீட்டஸ் ஆளுயரப் பாஸ் வாத்தியம் வாசிப்பவன். குழுவின் கோமாளியும் அவன்தான். பல் விழுந்ததுபோலத் தெரிய முன்பல்லில் கறுப்பு மை, தொளதொள கால்சட்டை. இப்படியோர் அண்ணன் கூட இருந்தால் யார் என்ன பேசிவிட முடியும்?

சனிக்கிழமைதோறும், அரங்கத்திலிருந்து நேரடியாக ஒலிபரப்பாகும் எங்கள் வானொலி நிகழ்ச்சியில் அண்ணனும் தங்கையும் சண்டை போட்டார்கள். நாடே நம்பியது. நேயர்கள் இருவருக்கும் ஒரே பெட்டியில் கேக் அனுப்பினார்கள். பாவி கிளீட்டஸோ அவள்மேல் உயிரையே வைத்திருந்தான். பக்கத்தில் பிடில் வாசிக்கிற எனக்கே புரிந்தது; அவளுக்குப் புரியாமலா இருக்கும்? சொல்லித் தொலையேன் என்று எத்தனையோ முறை திட்டினேன். குட்டு உடைந்தால் அவளை நிகழ்ச்சியிலிருந்தே விரட்டிவிடுவார்கள் என்பான்.

அப்புறம், நிகழ்ச்சிக்குக் காசு போடும் மாவுக் கம்பெனியின் மேலாளர் டுவைட் அவளைப் பெண் கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். ஹார்லன் எங்கே யோசிக்க விட்டார்! அந்தச் சனிக்கிழமையே, மேடையில் வைத்து அண்ணனிடம் சம்மதம் கேட்பதாக ஏற்பாடு.

மாவு விளம்பரப் பாட்டு முடிந்ததும் ஹார்லன் கிளீட்டஸை மைக்குக்கு இழுத்தார்.

"ஏம்ப்பா, தங்கச்சிய நம்ம டுவைட்டுக்குக் கட்டிக் குடுக்கிறியா?"

'தாராளமா' என்பதுதான் எழுதிக் கொடுத்த வசனம். கிளீட்டஸ் தொப்பியைக் கழற்றினான்.

"நான் இவ அண்ணன் இல்லீங்க. இவளக் கட்டிக்க எனக்குத்தான் ஆசை."

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. மாடியில் இருந்தவர்கள் காலால் தரையைத் தட்டினார்கள். கறுப்புப் பல்லோடு எதைச் சொன்னாலும் வேடிக்கைதானே. அவன் முகம் செத்துப்போனது. ஹார்லன் அவசரமாகச் சைகை காட்ட, அடுத்த பாட்டுக்குப் பிடில் வில்லை எடுத்தேன்.

லோரீன் பாடவில்லை. சிரிப்பு அடங்கும்வரை மைக்கின் முன்னால் நின்றாள். பிறகு கைக்குட்டையை எடுத்து, குழந்தைக்குத் துடைப்பதுபோல அவன் பல்லிலிருந்த மையைத் துடைத்தாள்.

"இப்பச் சொல்லு," என்றாள், நாடே கேட்க.