ஒரு விரலை இரண்டென்று எண்ணிய பலகை

1

யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மனு எழுதிப் பழகிய கை. 2008, ராயபுரம், மீன் விற்கும் பெண்களின் சங்க அறை. ஜன்னலோரம் செயலாளர் குணசுந்தரி, மடியில் சங்கத்தின் லேப்டாப். பக்கத்தில், அதில் லினக்ஸ் போட்டுக்கொடுத்த கல்லூரி மாணவி சௌமியா. எதிரே ஐஸ் பெட்டிமேல் தலைவி சொக்கம்மாள். கதவோரம் நான், கடிதம் எழுதிக்கொடுப்பவன். அன்று குறித்து வைத்த தாளிலிருந்துதான் இந்தக் கதை வந்தது.

2

முதல் தொடக்கம்: 'குணசுந்தரியின் கணவனைக் கடல் கொண்டுபோன அந்த...'

(இல்லை. அவர் நலமாகப் படகில் டீ குடித்துக்கொண்டிருந்தார். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: குணசுந்தரி லேப்டாப்பின் தொடுபலகையில் விரல் வைத்தாள். திரையில் இருந்த அம்பு அசையவில்லை. அவள் எழுதிய கூட்டக் குறிப்பு முழுவதும் மேலே மிதந்து போய் மறைந்தது.

"இன்னாமே, எழுத்தெல்லாம் ஓடிப்போவுது?" என்றாள் சொக்கம்மாள்.

"ஒத்த வெரலுதான்க்கா வச்சேன்."

"அடுத்த மாசம் பொதுக்கூட்டத்துல இப்டி ஓடிச்சின்னா, கம்ப்யூட்டர் தெரிஞ்சவள செயலாளரா போடுன்னு கத்துவாளுங்க. நா இன்னா சொல்றது?"

சௌமியா விளக்கினாள். "இதுக்கு வெரல எண்ணத் தெரியாதுக்கா. அகலத்தப் பாத்து, ஒரு அளவுக்கு மேல போனா ரெண்டு வெரல்னு முடிவு பண்ணி பக்கத்த நகத்திடும். அந்த ரெண்டு வெரல் வசதிய அணைச்சும் பாத்தேன். அப்ப உங்க வெரல உள்ளங்கைன்னு தள்ளிடுது. அந்த அளவ மாத்தணும்னா, இந்தப் பலகைய ஓட்டுற டிரைவர்ங்கிற புரோகிராம எழுதுனவரு வெளிநாட்ல கீறாரு, அவருதான் மாத்தணும்."

இருபது வருடம் ஐஸ் உடைத்த விரல் அது.

"பேசாம மவுஸ் வாங்கிக்கமே" என்றாள் சொக்கம்மாள்.

"எண்ணத் தெரியாதது அது. நா ஏன்க்கா மாறணும்?"

3

சௌமியா ஒரு கறுப்புத் திரையைத் திறந்தாள். பலகை எந்த இடத்தில் விரலைக் காண்கிறது என்று அதில் எண்கள் ஓடின. இடது ஓரத்தில் அவள் விரல், வலது ஓரத்தில் குணசுந்தரியின் விரல். எண்கள் சொன்ன இடமோ இரண்டுக்கும் நடுவே, யாரும் தொடாத இடம்.*

"அங்க யார் கீறா?" என்றாள் சொக்கம்மாள், மெல்ல.

இரு விரல்களும் நகர, இல்லாத அந்த விரல் நங்கூரமிட்ட படகுபோல ஆடியது. துறைமுகத்தில் சங்கு ஊதி ஓய்ந்தது. நாமெல்லோரும் ஒருவேளை அந்த நடுவில்தான்...

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.)

* இரண்டையும் தனித்தனியே சொல்ல அதற்கு வழியில்லை, சராசரியைச் சொல்லும்.

4

டிரைவர் எழுதியவருக்குக் கடிதம் எழுதினோம். மின்னஞ்சலில் விரலின் படத்தை அனுப்பினால் போதும் என்றாள் சௌமியா. படத்தில் அகலம் மாறிவிடும், மை தொட்டு விரலையே பதித்து அனுப்பலாம் என்றேன் நான்.

இரவுப் பள்ளியில் கையெழுத்துக் கற்ற நாளிலிருந்து குணசுந்தரி எந்தத் தாளிலும் கைநாட்டு வைத்ததில்லை. அது தெரியாமல் சொல்லிவிட்டேன்.

மைப்பெட்டியையே நெடுநேரம் பார்த்தாள்.

"எங்க வைக்கணும், நைனா?"

பதித்தாள். பிறகு பேனாவை என்னிடமிருந்து வாங்கி, அதன் கீழே தானே எழுதினாள்: 'இது ஒரு விரல்.' அதையே ஆங்கிலத்தில் சௌமியா எழுதினாள்.

டிரைவர் எழுதியவர் அளவை மாற்றி அனுப்பியதாக ஒரு முடிவும், பொதுக்கூட்டம் வேறொருத்தியைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்ததாக ஒரு முடிவும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டையும் உங்களிடமே தருகிறேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மை காயும்வரை காத்திருந்தோம். உறையின் ஓரத்தைக் குணசுந்தரியே ஒட்டி, அழுத்தித் தேய்த்து, தபால் பெட்டிக்குள் போட்டாள்.