பச்சைப்புறா மூட்டை

பதினாலாயிரத்து அறுநூற்று எண்பது ரூபாய். அந்த ஆனி மாத ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சுடலைமுத்து தன் முதலாளி ஆதித்தனுக்குக் கொடுக்க வேண்டியிருந்த பாக்கி அவ்வளவு.

அவன் கைநீட்டி வாங்கிய கடன் இல்லை அது. கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ வாங்கியிருந்தால் மனசு ஆறிப்போயிருக்கும். இது பதினேழு மூட்டை அரிசியின் விலை. அந்த அரிசியில் ஒரு மணியைக்கூட அவன் வீட்டு உலை கண்டதில்லை.

அச்சன்புதூரில் ஆதித்தனுக்கு அரிசி ஆலை. அவர் அரிசிக்கு 'மலைக்கிளி' என்று பெயர். மூட்டையில் மஞ்சள் வட்டம், அதற்குள் ஒரு பச்சைக் கிளி, சுற்றிச் சிவப்புக் கட்டம். வாயைச் சிவப்பு நூலால் தைத்திருப்பார்கள். சுடலைமுத்து அங்கே இருபத்திரண்டு வருஷமாக லோடுமேன். போன கார்த்திகையில் சுரண்டையில் ஒரு கடையை மூடுகிறார்கள், விற்காத கிளி மூட்டைகளைத் திருப்பி எடுத்து வா என்று முதலாளி அவனை லாரியோடு அனுப்பினார். கடையின் பின்கட்டில் வெளிச்சமில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்த அட்டியிலிருந்து முப்பது மூட்டையை இறக்கி லாரியில் ஏற்றினான். கடைக்காரர் கணக்குச் சொல்லி, முதலாளி கொடுத்தனுப்பிய பணத்தை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஆலையில் மூட்டைகளைப் பிரித்து அடுக்கும்போதுதான் தெரிந்தது, பதினேழு மூட்டை 'மலைப்புறா'. அது வேறு யாரோ ஓர் ஆலைக்காரனின் அரிசி. அந்தப் புறாவும் பச்சை. அதற்கும் மஞ்சள் வட்டம், சிவப்புக் கட்டம், சிவப்பு நூல். கடைக்காரர் அதற்குள் கேரளாவுக்குப் போய்விட்டார், போனும் எடுக்கவில்லை. மூட்டை ஆயிரத்து இருநூற்று நாற்பது வீதம் இருபத்தோராயிரத்து எண்பது ரூபாயை முதலாளி சுடலைமுத்து தலையில் எழுதினார். வாரக்கூலியில் இருநூறு இருநூறாகப் பிடித்து, முப்பத்திரண்டு வாரத்தில் இந்த அளவுக்கு வந்திருந்தது.

பணம் போனதுகூடப் பெரிசில்லை. ஆலையில் அவன் பெயரே மாறிப்போயிற்று.

"ஏலே பச்சைப்புறா, இந்தப் பக்கம் ஒரு கை கொடு."

"பச்சைப்புறாகிட்ட மூட்டையக் கொடுக்காதிய, வேற ஊருக்குப் பறந்துரும்."

வீட்டில் ஆவுடைத்தாய் அப்படிக் கூப்பிடவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடக்கும் முதியோர் வகுப்புக்கு ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தவள். மூட்டை மாறிய வாரம் அவனையும் கையோடு இழுத்துப் போனாள்.

"இனிமே படத்த நம்பாதிய. எழுத்த நம்புங்க."

"ஐம்பத்தி மூணு வயசுல எனக்கு எதுக்குட்டி எழுத்து?"

"இன்னொரு பதினேழு மூட்டைய மாத்தாம இருக்கதுக்கு."

வேலை முடிந்ததும் உடம்பெல்லாம் வலியோடு போய் உட்கார்ந்தான். பென்சில் பிடிப்பதைவிட மூட்டை பிடிப்பது லேசு என்று முதல் மாசம் தோன்றியது. ஆறாவது மாசத்தில் பஸ் பலகையைத் தானே வாசித்து ஏறினான்.

அந்தப் பதினேழு மூட்டையும் ஆலை மூலையில் கிடந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க முதலாளிக்கு ஆத்திரம் பொங்கி, புறாக்காரன்மேல் தென்காசி கோர்ட்டில் வழக்குப் போட்டார். 'என் அடையாளத்தைக் காப்பியடித்து விற்கிறான், நிறுத்தச் சொல்லுங்கள்' என்பது வழக்கு. வக்கீல் கிறிஸ்டிக்கு முப்பது வயசுக்குள்தான் இருக்கும். அவளுக்கு இந்த மாதிரி வழக்கு இதுவே முதல்.

குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜ் ஹாலில் இளம் வக்கீல்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்திருந்தார்கள். பெயரையும் படத்தையும் காப்பியடிக்கிற வழக்குகளை எப்படி நடத்துவது, கோர்ட்டில் நின்று சாட்சியை எப்படி விசாரிப்பது என்கிற பயிற்சி. ஆளுக்கொரு சொந்த வழக்கைக் கொண்டுவர வேண்டுமாம். கிறிஸ்டி இரண்டு ஆலை மூட்டையிலும் ஒன்றொன்று கேட்டாள். முதலாளி சுடலைமுத்துவைப் பார்த்தார்.

"லே, மாத்துனவன் நீதான? நீயே சுமந்துட்டுப் போ."

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் சாரலில் நனைந்துகொண்டு, ஈரத் தலையோடு அருவிக்கும் கடைக்குமாக அலைகிற கூட்டத்தை விலக்கி, ஒரு கிளியையும் ஒரு புறாவையும் ஒவ்வொன்றாக மாடிக்கு ஏற்றினான். ஹாலில் முப்பது பேர் இருந்தார்கள். மதுரையிலிருந்து வந்த சீனியர் வக்கீல் ஸ்ரீதேவிதான் பயிற்சி கொடுப்பவர். காதோரம் நரைத்த தலை, கையில் ஒரு டம்ளர் சுக்குக்காப்பி.

"சாட்சியா நடிக்கிறேன்னு சொன்ன குமாஸ்தா எங்கே?" என்று கேட்டார்.

"குளிக்கப் போனாரு மேடம். அருவில வரிசை நகரலியாம்" என்றாள் கிறிஸ்டி.

எல்லாரும் சிரித்தார்கள். ஸ்ரீதேவி, வாசலில் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்ற சுடலைமுத்துவைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அஞ்சு நிமிஷம் இந்த நாற்காலியில உட்காருங்களேன். கேக்கிறதுக்கு உள்ளதைச் சொன்னா போதும்."

அவன் நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். எதிர்க்கட்சி வக்கீலாகக் கேள்வி கேட்க வேண்டியது கிறிஸ்டியின் முறை. அவள் இரண்டு மூட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தாள்.

"அண்ணாச்சி, இது கிளி. இது புறா. ரெண்டும் வேற வேறன்னு பாத்தாலே தெரியுதுல்லா?"

"தெரியுதும்மா."

"எழுத்தும் வேற வேறதான?"

"ஆமாம்மா. வேறதான்."

ஹாலில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவள் அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.

"பிறகு எப்படி மாத்தி ஏத்துனிய?"

அவளுக்கே இந்தக் கதை முழுசாகத் தெரியாது. சரக்கு மாறிவிட்டது என்று மட்டும்தான் முதலாளி சொல்லியிருந்தார். சுடலைமுத்து எழுந்தான். ஏழு மாசமாக யாரும் அவனிடம் 'எப்படி' என்று கேட்டதில்லை. 'ஏன்லே' என்றுதான் கேட்டார்கள்.

"அம்மா, மூட்டை இப்படி நின்னுக்கிட்டு இருக்காது. அட்டில படுத்துக் கெடக்கும்" என்று சொல்லி, புறா மூட்டையைப் படுக்க வைத்து, மேலே கிளி மூட்டையைத் தூக்கிப் போட்டான். "இங்கன நின்னு பாருங்க. எனக்குத் தெரிஞ்சது இந்த வாய்த்தையல், இந்தச் செவப்புக் கட்டம், ஓரத்துல ஒரு பச்சை வாலு. இருபத்திரெண்டு வருசமா இந்த வாலப் பாத்துத்தான் தூக்குதேன். முதுகுல ஏறுனப்புறம் எழுத்து என் முதுகப் பாக்கும், என்னையப் பாக்காது. அப்ப எனக்கு எழுத்தும் தெரியாது."

முப்பது பேரும் எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். இரண்டு தையல், இரண்டு கட்டம், இரண்டு பச்சை வால். எது கிளி எது புறா என்று ஒருத்தராலும் சொல்ல முடியவில்லை.

ஸ்ரீதேவி டம்ளரைக் கீழே வைத்தார்.

"கிறிஸ்டி, உனக்கு ரெண்டு பாடம். முதல்ல, பதில் தெரியாத கேள்வியைக் கேட்டே. எதிர்க்கட்சி வக்கீலா நீ இப்ப தோத்துட்டே. ரெண்டாவது, உன் வழக்கோட முக்கியமான சாட்சி உன் மூட்டையைச் சுமந்துக்கிட்டு மாடி ஏறி வந்திருக்கார். நீ அவர் பேரைக்கூடக் கேக்கல." பிறகு அவன் பக்கம் திரும்பினார். "இதனால உங்களுக்கு நஷ்டமா அண்ணாச்சி?"

அவன் தொகையைச் சொன்னான். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

"நீங்க தப்புப் பண்ணல. ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாக்கிறவர் ஏமாறுவாரான்னு சட்டம் கேக்கல. மனசுல இருக்கிற அடையாளத்தை வச்சு, அவசரத்துல எடுக்கிற சாதாரண மனுஷர் ஏமாறுவாரான்னுதான் கேக்குது. உங்க கண்ணு சரியாத்தான் பாத்திருக்கு. ஏமாத்தினது அந்த மூட்டை."

சுடலைமுத்து நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். தலையில் ஏறியிருந்த பதினேழு மூட்டையை யாரோ பின்னாலிருந்து ஒரு கை கொடுத்து இறக்கினாற்போல இருந்தது.

ஆனால் ஸ்ரீதேவி அடுத்து சொன்னது அவன் காதிலும் விழுந்தது.

"இவரை நிஜக் கோர்ட்டுல கூப்பிடு. ஆனா ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கக் கூடாது. கேள்வி கேக்கத்தான் நமக்குப் பயிற்சி, பதில் சொல்ல இல்ல. இவர் கடனைத் தள்ளுறேன்னு யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தள்ளினா, விலைக்கு வாங்கின சாட்சின்னு கிழிச்சிருவாங்க. கூண்டை விட்டு இறங்குற வரைக்கும் எல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும்."

கதவைத் திறந்த கையே மூடவும் செய்தது. இருந்தாலும் பஸ்ஸில் போகும்போது அவனுக்கு வருத்தம் வரவில்லை. ஜன்னல் வழியே சாரல் முகத்தில் அடித்தது. அவன் ஜன்னலைச் சாத்தவில்லை.

எல்லாம் இருக்கிறபடி இருக்கட்டும் என்று கிறிஸ்டி வந்து சொன்னதை முதலாளி ஒரு விஷயத்தில் மட்டும் தவறாமல் கடைப்பிடித்தார். சனிக்கிழமை தோறும் இருநூறு பிடித்தார்.

மாசி மாதம் சாட்சி சொல்லும் நாள் வந்தது. முன்னதாகவே கிறிஸ்டி அவன் சொன்னதைத் தட்டச்சு செய்து, வாக்குமூலப் பத்திரமாகக் கொண்டுவந்து நீட்டியிருந்தாள். "வாசிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க. ஒரு வரி மாறியிருந்தாலும் சொல்லுங்க." அரைமணி நேரம் விரலை ஓட்டி வாசித்தான். ஓரிடத்தில் 'கொல்லைப்புறம்' என்றிருந்தது. "நான் பின்கட்டுன்னுல்லா சொன்னேன்" என்றான். அவள் சிரித்துக்கொண்டே திருத்தினாள். வாழ்நாளில் கட்டைவிரலை மையில் தோய்க்காமல் அவன் ஒப்பமிட்ட முதல் பத்திரம் அது.

எதிர்க்கட்சி வக்கீல் சங்கரபாண்டி, முப்பது வருஷம் கோர்ட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர். மலைப்புறா மூட்டையைக் கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இதுல என்ன எழுதியிருக்கு, வாசியும் பாப்போம்."

சுடலைமுத்து குனிந்தான். "ம... லை... மலை... ப்... பு... றா. மலைப்புறா."

"பிரமாதம். நல்லா வாசிக்கீரே. அப்ப கிளிக்கும் புறாவுக்கும் வித்தியாசம் உமக்குத் தெரியும்."

"தெரியும் ஐயா."

கிறிஸ்டியின் பேனா நின்றுவிட்டது. அவள் முகத்தை அவன் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தாள். சொல்லிக் கொடுக்கக் கூடாது என்றால் கண்ணாலும் கூடாதுபோல.

"இந்தச் சாட்சி சொன்னா உம்ம கடன் தள்ளுபடி. அதான பேச்சு?"

"அப்படி யாரும் சொல்லல ஐயா. போன சனிக்கிழமையும் இருநூறு பிடிச்சாச்சு. இன்னும் எட்டாயிரத்து அறுநூத்தி எண்பது நிக்கி."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். பின்வரிசையில் ஆதித்தன் தலையைக் குனிந்துகொண்டார். சங்கரபாண்டிக்குக் கோபம் ஏறியது. அங்கேயே அவர் நிறுத்தியிருந்தால் 'எழுத்துத் தெரிந்தவன்' என்கிற பேச்சு அவர் பக்கம் நின்றிருக்கும்.

"மூட்டை தூக்குற ஆளு இந்த வயசுல எதுக்குவே படிச்சீரு? இந்தக் கோர்ட்டுல வந்து வாசிச்சுக் காட்டவா?"

"இந்த மூட்டையாலதான் ஐயா. இது என்னைய ஏமாத்துன வாரந்தான் வகுப்புல சேந்தேன். அதுக்கு முன்ன எனக்கு 'அ'னாவும் தெரியாது. புறான்னு எழுதிப்போட்டு, கிளியோட பச்சையையும் செவப்பு மூக்கையும் கொடுத்திருக்காவ. படிக்கத் தெரியாதவன் என்ன செய்வான் ஐயா? என்னைய மாதிரி எத்தனை பேரு கடைக்குப் போறாவ."

நீதிபதி எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தி, மூட்டையைப் படுக்கப் போடச் சொன்னார். மேலே இன்னொன்றை அடுக்கச் சொன்னார். இறங்கி வந்து, சுடலைமுத்து நின்ற இடத்திலேயே நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். போய் உட்கார்ந்து ஏதோ எழுதினார். கிறிஸ்டியைப் பார்த்து, "மறுவிசாரணை உண்டா?" என்றார்.

கிறிஸ்டி எழுந்தாள். ஒரு நிமிஷம் வாயைத் திறந்தாள். ஐந்தருவி ரோட்டு ஹால் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"கேள்வி எதுவும் இல்லை, கனம் நீதிபதி அவர்களே" என்று உட்கார்ந்துவிட்டாள்.

தீர்ப்பு மறு ஆனியில் வந்தது. புறாக்காரன் அந்த மூட்டையை இனி விற்கக் கூடாது, செலவும் நஷ்டஈடும் தர வேண்டும். நஷ்டஈட்டில் அந்தப் பதினேழு மூட்டைக்கான இருபத்தோராயிரத்து எண்பதும் தனியே சேர்ந்திருந்தது. அவன் அப்பீலுக்குப் போகாமல் பணத்தைக் கட்டிவிட்டான். கிறிஸ்டி தீர்ப்பின் நகலோடு ஆலைக்கே வந்து, ஒரு பக்கத்தை மடித்துச் சுடலைமுத்து கையில் கொடுத்தாள். 'வாதி தரப்பு இரண்டாம் சாட்சி நேர்மையாகவும் இயல்பாகவும் சாட்சியம் அளித்துள்ளார்' என்று இருந்தது.

"இந்த ரெண்டாம் சாட்சிங்கிறது?"

"நீங்கதான் அண்ணாச்சி."

"உங்களுக்கு நான் என்ன செய்யப்போறேம்மா?"

"நல்லா இருக்கே. மேடத்துக்கிட்ட நானும் நேத்து இதத்தான் கேட்டேன். எனக்கு நிக்கத் தெரியும், பேசத் தெரியும். எப்ப உக்காரணும்னு உங்கள வச்சுத்தான அண்ணாச்சி படிச்சேன்" என்றாள் அவள்.

அந்தச் சனிக்கிழமை கூலி முழுசாக வந்தது. சுடலைமுத்து எண்ணிப் பார்த்துவிட்டு முதலாளியிடம் போனான்.

"மொதலாளி, இருநூறு பிடிக்க மறந்துட்டிய."

"மறக்கல. இந்தா." ஆதித்தன் ஒரு கவரை நீட்டினார். "இதுல பதினஞ்சாயிரத்து எண்ணூறு இருக்கு. இதுவரை உங்கிட்டப் பிடிச்சது. அந்த மூட்டைக் காச கோர்ட்டே வாங்கிக் கொடுத்துட்டு. ஒரே மூட்டைக்கு ரெண்டு பேருகிட்ட காசு வாங்குனா நான் புறாக்காரனவிட மோசம்லா." வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அன்னைக்கே உங்கிட்ட எப்படின்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் சுடலைமுத்து."

முதலாளி அவனை 'லே' போடாமல் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பின்னால் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஊசியை நிறுத்தினார்கள். ஒருத்தன்கூடப் புறா என்று சொல்லவில்லை.

ஆதித்தன் நோட்டை அவன் பக்கம் திருப்பினார். சுடலைமுத்து விரலை வைத்து வாசித்தான். மேலே அவன் பெயர். கீழே வரிசையாக எழுபத்தொன்பது இருநூறுகள். கடைசியில் மீதி ஐயாயிரத்து இருநூற்று எண்பது. அதன்மேல் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே புது மையில்: 'பாக்கி இல்லை.'

அதை இரண்டு தடவை வாசித்தான். பேனாவை வாங்கி, கீழே தன் பெயரை மெதுவாக எழுதினான்.

"மொதலாளி, இந்தத் தாள எனக்குத் தருவியளா?"

"எதுக்கு?"

"ஆவுடைத்தாய்க்கு வாசிச்சுக் காட்டணும். அவதான என்னைய இழுத்துட்டுப் போனா."

ஆதித்தன் நோட்டின் நடுவில் கையை வைத்து அழுத்தி, அந்தத் தாளை ஓரம் கிழியாமல் பிரித்தெடுத்து அவனிடம் கொடுத்தார்.