தரைக்குள் இறங்கிய ஒன்பதாம் கட்டில்

ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டின் ஒன்பதாம் கட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் தரைக்குள் இறங்கத் தொடங்கியது. மதியச் சாப்பாட்டுக்குள் ஒரு விரற்கடை, மாலையில் பார்க்க வந்தவர்கள் கிளம்பிப் போவதற்குள் மூன்று. முதலில் கண்டுபிடித்தவள் தரை துடைப்பவள். காலையில் கட்டிலுக்கு அடியில் தாராளமாகப் போய்வந்த மாப்புக்கட்டை மாலையில் இடித்தது. "எவன் இந்தக் கட்டில் காலை அறுத்தது?" என்று கேட்டாள். எவனும் அறுக்கவில்லை. ஈரச் சேற்றில் ஊன்றிய குச்சி மாதிரி நான்கு கால்களும் சிமெண்டுத் தரைக்குள் போயிருந்தன; சுற்றி ஒரு விரிசல் கிடையாது. பராமரிப்புக் கொத்தனார் வந்து ரசமட்டம் வைத்துப் பார்த்தார். கட்டில் கோணாமல் நேராகத்தான் இறங்குகிறது, ஆகவே தரையில் குறையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். வார்டு முதல் மாடியில் இருந்தது, கீழே மருந்துக் கிடங்கு. கிடங்குக்காரர் ஏணி போட்டு ஏறிக் கூரையைத் தடவிப் பார்த்தார். கட்டில் கால் எதுவும் எட்டிப் பார்க்கவில்லை. இறங்கிய கால்கள் எங்கே போயின என்பது இன்றுவரை தெரியாது. யாரும் மெனக்கெட்டுத் தேடவும் இல்லை.

அந்தக் கட்டிலில் படுத்திருந்தவனைச் செங்கல் சூளையில் நெருப்புக்கால் என்று கூப்பிடுவார்கள். சூளையின் மேல்தளத்தில் நடந்து துளை துளையாக நிலக்கரி போடுகிற வேலை. அடியில் தீ எரிந்துகொண்டிருக்கும் தளம் அது. மற்றவர்கள் மரச்செருப்பு போட்டுக்கொண்டு தவ்வித் தவ்வி நடப்பார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் அவன் செருப்பின் வார் அறுந்துபோனது, அறுந்தது தெரியாமலேயே பாதித் தளம் வெறுங்காலில் நடந்துவிட்டான். சுடவில்லை. அன்றிலிருந்து அவன் செருப்பு போடவில்லை. ஒருமுறை தளம் உள்வாங்கி ஒருத்தன் இடுப்புவரை புதைந்தபோது, மற்றவர்கள் பலகை தேடி ஓடிக்கொண்டிருக்க, இவன் தணல்மேல் நடந்துபோய் அவனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி வந்தான். அதற்குப் பிறகு சூளைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவன் காலைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ரத்தத்தில் சர்க்கரை ஏறி, பாதத்தின் நரம்பு செத்தால் சுடாது என்பதை அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. இப்போது இடதுகாலில் இரண்டு விரல் கரியாகக் கறுத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் அந்த இரண்டு விரலையும் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் கறுப்பு மேலே ஏறி முழங்காலோடு எடுக்கவேண்டி வரும் என்று பெரிய டாக்டர் சீட்டில் எழுதிவிட்டார். நெருப்புக்கால் சம்மதக் கையெழுத்துப் போட மறுத்தான். வலி இருந்தால்தானே வியாதி? அவனுக்குத்தான் வலிக்கவே இல்லையே.

அந்த வார்டில் நர்சம்மாவுக்குப் பத்தொன்பது வருஷம். அவளை ஒண்ணுமில்ல சிஸ்டர் என்பார்கள். ஊசி குத்தும்போது ஒண்ணுமில்ல, கட்டு பிரிக்கும்போது ஒண்ணுமில்ல. வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, செய்வதற்கு எதுவுமில்லை என்று அப்படியே தைத்து அனுப்பப்பட்டவர்களிடமும் ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாயிடும். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை. மூட்டை தூக்குகிறவரின் மகள். நசுங்கிய விரலோடு வாசலில் வந்து நின்ற அப்பா வாயிலிருந்து முதலில் வருகிற வார்த்தையாக அதைக் கேட்டு வளர்ந்தவள். முப்பது கட்டிலுக்கு இரண்டு பேர் என்று ஓடும் வார்டில் அதைச் சொல்ல அரை நொடி போதும். நின்று கேட்பதென்றால் அரை மணி நேரம் வேண்டும், அதற்கு எங்கே போவது? நோயாளிகளுக்கும் அவள் சொன்னது பிடித்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு நெருப்புக்காலிடமும் அதைத்தான் சொல்லியிருந்தாள்.

புதன்கிழமை கட்டு பிரிக்கும்போது, "ஒண்ணுமில்லண்ணே, கொஞ்சம் அசையாம இருங்க" என்றாள். அவள் கையின் கீழ் கட்டில் இறங்கியது. தட்டிலிருந்த கத்தரிக்கோல் கிணுங்கென்றது. அவள் வேலை தெரிந்தவள். பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்துத் தரையை ஒட்டிக் கட்டில் காலில் அடையாளம் ஒட்டினாள். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து, "கவலைப்படாதீங்க, நாங்க எதுக்கு இருக்கோம்?" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார், பிளாஸ்திரி பாதி மறைந்தது. மாலையில் பெண்சாதி வந்தாள், அதே சூளையில் தலைச்சுமையாகக் கல் தூக்குகிறவள். "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. உனக்கு ஒண்ணும் ஆகாதுய்யா" என்றாள். பிளாஸ்திரி முழுக்கப் போனது. அவள் பின்னாலேயே சூளைக் கூட்டாளிகள் ஆறு பேர் வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"நெருப்பே இவனை ஒண்ணும் பண்ணல, நோயி என்ன பண்ணிடும்?"

"அடுத்த வாரம் பாரு, சூளை மேல டான்ஸ் ஆடுவான்."

ஒவ்வொரு சிரிப்புக்கும் கட்டில் ஒரு விரற்கடை இறங்கியது. கடைசி ஆள் கை கொடுக்கக் குந்தி உட்கார வேண்டியிருந்தது. குந்தினான், கொடுத்தான், போய்விட்டான். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

வியாழக்கிழமை காலை சின்ன டாக்டர் வந்தார். அவர் ஆறுதல் சொல்கிற ரகமில்லை. "கையெழுத்துப் போடலைன்னா முழங்காலோட போகும். அப்புறம் உங்க இஷ்டம்" என்றார், 'இஷ்டம்' என்ற சொல் வாயிலிருந்து விழும்போது அவர் பதினோராம் கட்டிலருகே இருந்தார். சொன்னது முழு உண்மை. ஆனால் சொன்னவர் நின்று பதில் கேட்காத உண்மைக்குக் கட்டில் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. நெருப்புக்கால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்த உயரத்தில் அவன் கண்ணுக்கு எதிரே இருந்தது சுவரின் அடிப்பட்டையும் ஒரு செத்த கரப்பானும்தான்.

பதினோரு மணிக்கு நர்சம்மா படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். "ஏண்ணே இப்படி அடம் பிடிக்கிறீங்க?" என்றாள்.

அவன் திரும்பாமலே சொன்னான். "ஒண்ணுமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க சிஸ்டர்? ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு வெட்டணும்?"

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. நம்பிச் சொன்னான். நர்சம்மா படிவத்தை மடித்துக்கொண்டு சாப்பிடப் போனாள், டப்பாவைத் திறந்து பார்த்து மூடி வைத்தாள். பத்தொன்பது வருஷத்தில் அவள் வார்த்தையை வாங்கிக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போனவர்கள் யார் யார் என்று நினைத்துப் பார்க்க ஆரம்பித்து, முடியாமல் விட்டுவிட்டாள்.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தபோது, இடையில் யார் யார் ஆறுதல் சொன்னார்களோ, மெத்தை தரைக்குச் சமமாக இருந்தது. அவள் புடவையை ஒதுக்கிக்கொண்டு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். அந்தப் பக்கமாகப் போன இன்னொரு நர்சு, "என்னடி, தரையில உக்காந்துட்ட?" என்றாள்.

"வேற எங்க உக்கார? அவரு இங்கதானே இருக்காரு."

தடித்த நைலான் நூல் ஒன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள். பாதத்தில் நூல் பட்டால் 'ஆங்' என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வலதுகாலில் பத்து இடத்தில் தொட்டாள். மூன்று முறை ஆங் என்றான். பிறகு இடதுகாலுக்கு வந்தாள். அவன் கண்ணை இறுக்கி மூடி, பரீட்சைக்குக் காத்திருப்பவன் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். நேரம் போனது.

"ஆரம்பிக்கலையா சிஸ்டர்?"

"பத்து இடமும் தொட்டாச்சுண்ணே. முடிஞ்சிருச்சு."

அவன் கண்ணைத் திறந்தான். நர்சம்மாவுக்கு நாக்கு நுனிவரை அந்த வார்த்தை வந்தது. உதட்டை மடித்துப் பல்லில் கடித்துக்கொண்டாள். நூலை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். இருபத்திரண்டாம் கட்டிலிலிருந்து யாரோ தண்ணீர் கேட்டார்கள். இன்னொரு நர்சு கொண்டுபோய்க் கொடுத்தாள். நர்சம்மா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நோயாளியின் பக்கத்தில் அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை. சப்பணமிட்ட அவள் கால் மரத்துப்போயிற்று.

"அப்போ எனக்குச் சுடாமப் போனது..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். அவள் முடித்துக் கொடுக்கவில்லை. அவனே முடித்தான். "சுடாமல்லாம் இல்ல. சுட்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கு. எனக்குத்தான் சேதி வரல."

கட்டில் இரண்டு விரற்கடை மேலே வந்தது.

"அன்னிக்குப் புதைஞ்சவனைத் தூக்கிட்டு வந்தப்ப எல்லாரும் என் காலைத்தான் பார்த்தாங்க. நானும் அதைத்தான் பார்த்தேன். அந்தக் காலு சீக்குக் காலுன்னா அங்க நான் யாரு? கரி அள்ளிப் போடுறவன்."

"அங்க திரும்பிப் போனா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?"

"சிரிப்பானுங்க."

"அப்புறம்?"

அவன் யோசித்தான். "அப்புறம் என்ன, வேலைக்குப் போவானுங்க" என்று சொல்லிவிட்டு அவனே லேசாகச் சிரித்தான். கட்டில் ஒரு சாண் ஏறியது. அவள் கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டாள்.

"ரெண்டு விரலோட நின்னுடுமா சிஸ்டர்?"

"ஒண்..." என்று அவள் வாய் பழக்கத்தில் ஆரம்பித்தது. கட்டில் நடுங்கியது. விழுங்கினாள். "தெரியலண்ணே. நின்னுடும்னுதான் டாக்டர் நினைக்கிறாரு. நிக்காமலும் போகலாம். கட்டு பிரிக்கிற அன்னிக்கு நான்தான் பிரிப்பேன், உள்ளது உள்ளபடி சொல்லுவேன்."

அதற்குக் கட்டில் நிதானமாக முழங்கால் உயரம் வந்தது. அவன் பேனாவை வாங்கிக் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான்.

மாலை வந்த பெண்சாதி சண்டைக்கு நின்றாள். "என்னைக் கேக்காம விரலை எழுதிக் குடுத்தியா? உன் ஒருத்தன் விரலாய்யா அது?" அவன், "உக்காரு" என்றான். நர்சம்மா ஸ்டூலை நகர்த்திப் போட்டுவிட்டு, எதுவும் சொல்லாமல் நின்றாள். பெண்சாதி உட்கார்ந்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், எடுத்தாள். "ரெண்டு வருஷமா வீட்டுத் தரையில உன் கால் ரத்தத்தைத் துடைச்சிட்டிருக்கேன். சொன்னா உன் பெருமைக்குக் குறைச்சலாயிடும்னு துடைச்சுத் துடைச்சு மறைச்சேன். நான் மறைச்சதுதான்யா இம்புட்டுக்கும் காரணம்" என்று அழுதாள். அவன் அவள் தலையில் கை வைத்தான். கட்டில் மெதுவாக இன்னும் ஏறியது. தரை துடைப்பவள் இதுதான் சாக்கென்று மாப்பை அடியில் விட்டு மூன்று நாள் அழுக்கை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டு விரல் போனது. பத்து நாள் கழித்துக் கட்டு பிரித்த நர்சம்மா, "மூணாவதும் கறுக்குதுண்ணே" என்று சொன்னாள், சொல்லிவிட்டு அங்கேயே இருந்தாள். மூன்றாவதும் போனது. காலும் முழங்காலும் தப்பின. முப்பத்தோராம் நாள் அவன் வீட்டுக்குப் போனபோது கட்டில் பழைய உயரத்துக்கு ஒரு விரற்கடை குறைவாக இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது, மெத்தையில் சரிக்கட்டிவிட்டார்கள்.

சூளையில் அவன் சொன்னபடியே சிரித்தார்கள். நெருப்புக்கால் போய்ச் செருப்புக்கால் ஆனான் என்று பெயரை மாற்றினார்கள், அதுவே நிலைத்தது. அவன் சுடாத பச்சைக்கல் அடுக்கும் களத்துக்கு மாறினான், ஒரு அளவு பெரிய கான்வாஸ் பூட்ஸ் போட்டுக்கொண்டு, போடுமுன் கவிழ்த்துத் தட்டி உள்ளே கை விட்டுப் பார்த்துக்கொண்டு. நர்சம்மா தன் விடுமுறை நாளில் சூளைக்கு வந்து, கால்நோய்ப் படம் போட்ட அட்டையைக் காட்டி முக்கால் மணி நேரம் பேசினாள். பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள், ஒருத்தன் நின்றபடியே தூங்கினான். இரண்டாம் முறை அட்டையைக் கொண்டுவரவில்லை. கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து நூலை எடுத்தாள். செருப்புக்கால் பூட்ஸைக் கழற்றி, விரல் போன காலை நீட்டி, "கண்ணை மூடிக்கிட்டு உக்காருங்கடா, தைரியம் இருந்தா" என்றான். முப்பத்தெட்டுப் பேரில் ஐந்து பேர் ஆரம்பிக்கலையா என்று கேட்டார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை. தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது கஷ்டம் என்பதால், வேலை தொடங்குமுன் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்கார்ந்து ஒருத்தன் காலை ஒருத்தன் மடியில் வைத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. "என்னடா காலு இது, எருமைகூட மிதிக்காது" என்ற ஏச்சோடுதான் பார்ப்பார்கள். ஆனால் ஒருநாள் விடாமல் பார்ப்பார்கள். அந்த ஐந்து பேரில் நான்கு பேருக்கு இன்றும் பத்து விரல் இருக்கிறது.

வார்டில் அதற்குப் பிறகு ஆறு வருஷத்தில் பதினேழு கட்டில்கள் இறங்கின. நிர்வாகம் ஒரு டஜன் குட்டை ஸ்டூல் வாங்கிப் போட்டது. பெரிய டாக்டர்கூட இப்போதெல்லாம் ஒரு கண்ணைக் கட்டில் காலில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார். நர்சம்மாவை ஒண்ணுமில்ல சிஸ்டர் என்று கூப்பிட்டவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அவள் வெறும் சிஸ்டர்.

செருப்புக்கால் மாதம் ஒருமுறை கால் காட்ட வருவான். போன மாதம் வந்தபோது அவன் முறை வர நேரம் இருந்தது. நான்காம் கட்டிலில் மரம் அறுக்கிற ஆள் ஒருவர், முன்பின் தெரியாதவர், தரையோடு தரையாகக் கிடந்தார். சொந்தக்காரர்கள் அப்போதுதான் ஆறுதல் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். செருப்புக்கால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "என்னண்ணே, எதை நெனச்சா பயமா இருக்கு?" என்று கேட்டான். அந்த ஆள் ரொம்ப நேரம் பேசவில்லை. இவனும் பேசவில்லை. பிறகு அவர் தன் மகளைப் பற்றி ஏதோ சொன்னார். கட்டில் மேலே வந்தது. செருப்புக்கால், பூட்ஸ் நுனி இடிக்காமல் இருக்க ஸ்டூலைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டு மேற்கொண்டு கேட்டான்.