பெரியவரின் இடது கை

பூங்கா நடுவில் கம்பிவேலிக்குள் நிற்கிற மரத்துக்கு வயது எழுநூறு என்கிறது பலகை. தோட்டக்காரர்களுக்கு அது மரம் இல்லை, பெரியவர். வாசலைப் பார்த்து நிற்கிற மனுஷராகவே பாவித்து, கிளைகளை வலது கை, இடது கை என்பார்கள். சுத்தியலால் தட்டிப் பார்த்தே எந்தக் கிளைக்குள் பொந்து விழுந்திருக்கிறது என்று சொல்லத் தலைமைத் தோட்டக்காரரை விட்டால் ஆள் கிடையாது. அந்தத் தலைக்கனமும் அவருக்கு உண்டு.

அதே பூங்காவைப் பெருக்குகிறவள் அவர் மனைவி. நடுப்பகலில் இடது கைக்கு அடியில்தான் நல்ல நிழல்; சாப்பாடு அங்கேதான். அந்தக் கை உள்ளே உளுத்துவிட்டது என்று தெரிந்த அன்றே அவளை விரட்டினார்.

"வெயில்ல உக்காந்து சாப்பிடச் சொல்றீங்களே, நல்லாருக்கா?"

"முட்டு குடுக்கற வரைக்கும் அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்காதே."

'இடது கைக்கு உடனே இரும்பு முட்டு தேவை' என்று மேலாளரிடம் எழுதிக் கொடுத்தார். மறுநாள் காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். மூன்றாம் நாள் மேலாளரே போன் செய்தார்.

"உன் இடது கைக்கு முட்டு குடுத்தாச்சுய்யா. இனியாவது தூங்கு."

சந்தோஷம் தாங்கவில்லை. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியிடம், "இன்னைக்கு நிழல்லயே உக்காந்து நிம்மதியா சாப்பிடு" என்றார்.

முட்டு கொடுத்தவர்கள் வெளியாட்கள். வாசல் வழியாக வந்து மரத்தைப் பார்த்து நின்றார்கள். அவர்களுடைய இடது, பெரியவருடைய வலது கை.

மதியம் கிளை முறிந்து விழுந்தது. அவள் டப்பாவைத் திறந்திருந்தாள், அவ்வளவுதான்.

ஊரே திரண்டு வந்து பார்த்தது. எழுநூறு வருஷத்துக் கிளை போச்சே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், பாவிகள். விசாரணையில் மேலாளர் அந்தக் கடிதத்தைத் தோட்டக்காரரிடம் நீட்டினார்.

"யாரோட இடதுன்னு எழுத வேண்டாமாய்யா?"



அவள் போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாள் அவரை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். முறிந்த இடத்தில் ஈரம் இறங்கினால் பெரியவர் பிழைக்கமாட்டார். மருந்து பூச இவரைப்போல் வேறு யாருக்கும் கை வராதாம். போகக்கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தார். போனார். ஏணியில் ஏறி, ஒரு விரல்கடை இடம் விடாமல், பதமாகப் பூசினார்.

கீழே நின்ற மேலாளர் திருப்தியாகத் தலையாட்டினார்.

"காயம் ஆறிடுமில்ல?"

"ஆறிடும் சார்" என்றார்.